பிந்தி வந்தவர்களுக்கும் ஒரு வகுப்பறை

2022-ஆம் ஆண்டு எங்கள் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு மறுகட்டமைப்புக் கூட்டம் நடந்தது. வருகைப் பதிவேட்டில் கையொப்பம் வாங்கும் பொறுப்பு எனக்கு. பதிவேட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு மைப்பெட்டியும் வைத்திருந்தேன். பென்னாகரம் பகுதியில் இது வழக்கம்தான். பேனா இல்லாமல்கூடக் கூட்டம் நடத்திவிடலாம், மைப்பெட்டி இல்லாமல் நடத்த முடியாது.

ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா வந்தார். ரேகை வைத்தார். வைத்த கையோடு கட்டைவிரலை முந்தானைக்குள் மறைத்துத் துடைத்துக்கொண்டே, மகள் பார்க்கிறாளா என்று திரும்பிப் பார்த்தார். மகள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பெயருக்கு எதிரே வயது எழுத வேண்டும். கேட்டேன். "நாப்பத்தி மூணு இருக்குமுங்க டீச்சர்" என்றார். எனக்கும் அப்போது அதே வயதுதான்.

அந்தக் கணம் மனதில் எழுந்த கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது. நாற்பதைத் தாண்டிய ஒருவர் புதிதாகக் கற்க முடியுமா? முடியும் என்றால், அவருக்கு நாம் சொல்லித்தரும் முறை எப்படி இருக்க வேண்டும்? இந்த இரண்டு ஆண்டுகளில் நான் கண்டதையும், கற்றதையும், தவறு செய்து திருத்திக்கொண்டதையும் ஆசிரியத் தோழமைகளோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நம் மாவட்டத்தின் கணக்கு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு விகிதம் 80.09 விழுக்காடு. தர்மபுரி மாவட்டத்தின் விகிதம் 68.54 விழுக்காடு. மாநிலத்திலேயே கடைசி இடம். பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது ஏறத்தாழ 60 விழுக்காடுதான். ஐந்து பெண்களில் இருவர் எழுதப் படிக்கத் தெரியாதவர்களாக இருந்தார்கள்.

இந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது சோம்பலோ அறிவுக் குறைவோ அல்ல. மழை பொய்த்தால் குடும்பத்தோடு பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போக வேண்டிய ஊர்கள் இவை. அந்தக் காலத்தில் மலைக்கிராமத்திலிருந்து பள்ளிக்கு நடக்கவே பாதி நாள் போய்விடும். தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்காள் வீட்டில் நிற்பாள், ஆடு மேய்க்கத் தங்கை போவாள். வயதுக்கு வந்ததும் படிப்பு நின்றுவிடும், அடுத்த ஆண்டே கல்யாணம். இன்று நம் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்களும் பாட்டிகளும் அவர்கள்தாம்.

ஆகவே 'பிந்திப் படிக்க வந்தவர்' என்று ஒருவரைச் சொல்லும்போது, அவர் தாமதமாகப் புறப்பட்டார் என்று எண்ணிவிடக் கூடாது. அவருக்குக் கதவு திறந்ததுதான் தாமதம்.

எனக்குத் திறந்த கதவு

இதை நான் என் வாழ்க்கையிலிருந்தே சொல்ல முடியும். 2002-இல் பி.எட். முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தேன். திருமணம், குழந்தை, குறைந்த சம்பளத்தில் தனியார் பள்ளி வேலை, மாலையில் வீட்டுத் திண்ணையில் தனிப்பயிற்சி என்று பத்து ஆண்டுகள் ஓடின. "டீச்சருக்குப் படிச்சுட்டு வீட்டுலதான் இருக்கு" என்று உறவினர்கள் என் காதுபடவே பேசுவார்கள். முப்பது தாண்டியதும், இனி அவ்வளவுதான் என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன்.

2012 ஜூலையில் மாநிலத்தின் முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு வந்தது. 150 வினாக்கள், ஒன்றரை மணி நேரம். கணக்கு ஆசிரியராகச் சொல்கிறேன், ஒரு வினாவுக்கு 36 விநாடி. தேர்ச்சிக்கு 90 மதிப்பெண் வேண்டும். ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதியதில் தேர்ச்சி பெற்றோர் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். நான் அதில் இல்லை.

அக்டோபரில் துணைத்தேர்வு நடந்தது. இம்முறை மூன்று மணி நேரம் கொடுத்தார்கள். அதே 150 வினாக்கள், அதே 90 மதிப்பெண். தேர்ச்சி பெற்றோர் ஏறத்தாழ 19 ஆயிரம் பேர். அவர்களில் நானும் ஒருத்தி. அந்த டிசம்பரில் 33 வயதில் அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியரானேன்.

ஜூலையில் தோற்றவர்கள்தாம் அக்டோபரில் வென்றார்கள். இடையில் மூன்று மாதப் படிப்பு இருந்தது உண்மை. ஆனாலும் அந்தக் கூடுதல் நேரம் செய்த வேலையை மறுக்க முடியாது. 'தகுதி இல்லை' என்று நாம் முடிவு கட்டும் பல இடங்களில் உண்மையில் இல்லாமற்போவது நேரம்தான் என்பதை என் உடம்பே அறிந்த பாடமாக அன்று கற்றேன். கற்றும், சில காலம் மறந்தும் போனேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முன்னே நடந்தவர்கள்

தமிழ்நாட்டில் இதற்கு நல்ல முன்னோடி உண்டு. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கல்குவாரித் தொழிலாளர்களும் விவசாயக் கூலிகளும் இரவில் விளக்கு வெளிச்சத்தில் படித்தார்கள். அந்த இயக்கம் எழுத்தோடு நிற்கவில்லை. பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டினார்கள். படிப்பு என்பது தன் காலால் தான் போக வேண்டிய இடத்துக்குப் போவது என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள். முதியோர் கல்வியைப் பற்றி எத்தனை பயிற்சி ஏடு படித்தாலும், இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

பக்கத்து மாநிலமான கேரளத்தில் ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மா, 2018-இல் தம் 96-ஆம் வயதில் எழுத்தறிவுத் தேர்வு எழுதி 100-க்கு 98 மதிப்பெண் பெற்றார். கென்யாவில் தொடக்கக் கல்வி இலவசமானபின், 2004-இல் கிமானி மருகே என்ற முதியவர் 84 வயதில் சீருடை அணிந்து முதல் வகுப்பில் சேர்ந்தார்.

நம் தமிழாசிரியர்களுக்கு நன்கு தெரிந்த கி. ராஜநாராயணனை எடுத்துக்கொள்ளுங்கள். இடைசெவல் கிராமத்து விவசாயி. நடுநிலை வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்றது. முப்பது வயதுக்குப் பிறகே எழுத வந்தார். அறுபதைக் கடந்தபின் புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. 1991-இல் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அந்த நாவலின் பகுதியைத்தான் பத்தாம் வகுப்பில் நாம் பாடமாக நடத்துகிறோம். பாடம் நடத்தும்போது இந்தச் செய்தியையும் ஒரு வரி சேர்த்துச் சொல்லலாம்.

எங்கள் பள்ளியின் மாலை வகுப்பு

புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022 முதல் 2027 வரை நடைபெறுகிறது. 15 வயதுக்கு மேற்பட்ட, எழுதப் படிக்கத் தெரியாத எவரும் சேரலாம். நம் மாநிலத்தில் பள்ளிசாரா மற்றும் வயதுவந்தோர் கல்வி இயக்ககம் இதை நடத்துகிறது. மையங்கள் நம் பள்ளிகளிலேயே இயங்குகின்றன. தன்னார்வலர் ஒருவர் கற்பிப்பார். பயிற்சி 200 மணி நேரம். முடிவில் அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுத் தேர்வு. வாசித்தல், எழுதுதல், கணக்கு ஒவ்வொன்றுக்கும் 50 வீதம் 150 மதிப்பெண்.

எங்கள் மையத்தில் 18 பேர் சேர்ந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த எங்கள் ஊர்ப் பெண்தான் தன்னார்வலர். மைப்பெட்டிக்கு முன் விரலை மறைத்த அந்த அம்மாவையும் பேசிப் பேசி அழைத்து வந்தேன். "எனக்கெங்க டீச்சர் இனிமே படிப்பு வரும்? கத்திரிக்கா முத்தினா வெதைக்குத்தான் ஆவும்" என்று சிரித்துக்கொண்டேதான் வந்தார்.

இரண்டு மாதம் கழித்துத் தன்னார்வலர் என்னிடம், "எல்லாரும் வந்துட்டாங்க டீச்சர். அந்த அக்காவுக்கு மட்டும் எவ்வளவு சொன்னாலும் மனசுல நிக்கல" என்றார். அன்று மாலை போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். புத்தகத்தை மடியில் வைத்துக் குனிந்து பார்த்தார். பிறகு கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். எனக்குப் பொறி தட்டியது. அதற்கு முந்தைய ஆண்டு விடைத்தாள் திருத்தும்போது நானும் இப்படித்தான் தாளைத் தள்ளிப் பிடித்தேன்.

என் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு பக்கத்தைப் பார்த்தார். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எழுத்துக்கு இவ்வளவு வளைவு இருக்குதா டீச்சர்?" என்றார்.

இரண்டு மாதமாக அவர் படிக்காமல் இருக்கவில்லை. பார்க்க முடியாமல் இருந்திருக்கிறார். நாங்கள்தாம் அதை 'மனசுல நிக்கல' என்று எழுதி வைத்திருந்தோம்.

பெரியவர்கள் எப்படிக் கற்கிறார்கள்?

பி.எட். வகுப்பில் நாம் படித்த உளவியல் பெரும்பாலும் குழந்தைகளைப் பற்றியது. பெரியவர்களுக்கு அதை அப்படியே எடுத்து வைத்தால் பொருந்தாது. மாலை வகுப்பிலிருந்து நாங்கள் கற்ற ஐந்து செய்திகள் இவை.

முதலில் கண்ணைப் பாருங்கள். நாற்பது வயதை ஒட்டி விழிவில்லை தன் நெகிழும் தன்மையை இழப்பதால் அருகிலுள்ள எழுத்து மங்கும். இதைத்தான் வெள்ளெழுத்து என்கிறோம். வயலிலும் அடுப்படியிலும் வேலை செய்பவருக்கு அது தெரியாமலே போகலாம், புத்தகத்தைத் திறக்கும்போதுதான் தெரியும். மையம் தொடங்கும் முதல் வாரத்திலேயே கண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வது நல்லது. நாங்கள் பிந்திச் செய்தோம். 18 பேரில் 11 பேருக்குக் கண்ணாடி தேவைப்பட்டது.

இரண்டாவதாக, தெரிந்ததிலிருந்து தொடங்குங்கள். எழுத்து தெரியாதவருக்குக் கணக்கும் தெரியாது என்று நினைப்பது பெரிய பிழை. எங்கள் பகுதியில் பல பெண்கள் புளி தட்டிக் கொட்டை எடுக்கும் கூலிவேலைக்குப் போகிறவர்கள். "17 கிலோ, கிலோவுக்கு 12 ரூபாய் என்றால் எவ்வளவு?" என்று கேட்டேன். நான் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் விடை வந்தது. "பத்துப் பத்தா நூத்தி எழுவது, ரெண்டு ரெண்டா முப்பத்தி நாலு, ஆக எரநூத்தி நாலு." நாம் ஐந்தாம் வகுப்பில் பங்கீட்டுப் பண்பு என்று நடத்துவது இதைத்தான். அவருக்குத் தேவை கணக்கு அல்ல, அதை எழுதிக்காட்டும் குறியீடு மட்டுமே. "உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்" என்று சொன்ன அன்றிலிருந்து வகுப்பில் சத்தம் கூடியது.

மூன்றாவது, பயன். குழந்தை 'அம்மா, ஆடு' என்று படிக்கும். எதற்கு என்று கேட்காது. பெரியவர் கேட்பார். வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் மறுநாள் வரமாட்டார். எனவே எங்கள் பாடத்தின் முதல் சொற்கள் அவரவர் பெயர், பிள்ளைகளின் பெயர், ஊர்ப் பெயர். அடுத்து பென்னாகரம், பாலக்கோடு, ஒகேனக்கல், அரூர் என்று பேருந்துப் பலகைகள். பிறகு வங்கிப் பணம் எடுக்கும் படிவம், நூறு நாள் வேலை அட்டை, கைப்பேசியில் வரும் குறுஞ்செய்தி. முழுச்சொல்லை முதலில் பார்த்து, அதிலிருந்து எழுத்தைப் பிரித்தறியும் முறை அவர்களுக்கு எளிதாக இருந்தது. வயது கூடும்போது புதியதைப் பிடிக்கும் வேகம் குறையும். ஆனால் சொல்வளமும் அனுபவ அறிவும் குறைவதில்லை, வளர்ந்துகொண்டே போகும். அந்தச் சொத்தின்மேல்தான் நாம் கட்ட வேண்டும்.

நான்காவது, கூச்சம். தம் பிள்ளை உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்து தவறாகப் படிப்பது எளிதல்ல. முதல் வாரத்தில் வேடிக்கை பார்க்க வந்த சிறுவர்கள் சிரித்தார்கள். இருவர் மறுநாள் வரவில்லை. அதன்பின் வகுப்பு நேரத்தில் பிள்ளைகளுக்கு நூலகத்தில் வேலை கொடுத்தோம். யாரையும் எழுப்பி நிறுத்திப் படிக்கச் சொல்வதில்லை என்று முடிவு செய்தோம். இருவர் இருவராக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் படித்துக்காட்டினார்கள். அவர்கள் என்னை 'டீச்சர்' என்றார்கள், நானும் தன்னார்வலரும் அவர்களை 'அக்கா', 'அம்மா' என்றே அழைத்தோம். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

ஐந்தாவது, பருவம். புளி அடிக்கும் காலத்திலும் அறுவடையிலும் வகுப்பு காலியாகும். அதை 'ஆர்வமின்மை' என்று பதிவேட்டில் எழுதிவிடக் கூடாது. எங்கள் தன்னார்வலர் அந்த வாரங்களில் புளி தட்டும் திண்ணைக்கே அட்டைகளை எடுத்துப் போனார். கை வேலை செய்தது, கண் அட்டையைப் பார்த்தது. வெளியூர் போனவர்கள் திரும்பி வந்தபோது "ஏன் வரவில்லை?" என்று கேட்காமல், விட்ட இடத்திலிருந்து தொடங்கினோம்.

என் பிழை ஒன்று

மறந்துபோனேன் என்று மேலே சொன்னேனே, அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் நேர்மையாக இருக்காது. பணியில் சேர்ந்த சில ஆண்டுகளில், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை எல்லோர் முன்னும், "உனக்குக் கணக்கு வராதுடா, வேறு ஏதாவது பார்" என்று சொல்லிவிட்டேன். சோதனைத்தாள்கள் திருத்திய அலுப்பில் சொன்ன சொல். அவன் அந்தக் கோடை விடுமுறையில் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. வீட்டுக்கு இருமுறை போனேன். அவன் வரவில்லை.

சென்ற ஆண்டு திருவிழாவில் அவனைப் பார்த்தேன். கம்பி கட்டும் வேலையில் மேஸ்திரியாக இருக்கிறான். எத்தனை அடிக்கு எத்தனை கம்பி, எவ்வளவு எடை என்று மனக்கணக்காகச் சொல்கிறான். கணக்கு வராது என்று நான் சொன்ன பையன்! "பத்தாவது பாஸ் இருந்தா கம்பெனியில சூப்பர்வைசராப் போட்டுக்கறேங்கறாங்க டீச்சர், எனக்குத்தான் இல்லியே" என்றான். நான் மன்னிப்புக் கேட்டேன். அவனுக்கு அந்தச் சொல் நினைவிலேயே இல்லை என்றான். இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். இப்போது அவன் தனித்தேர்வராக எட்டாம் வகுப்புத் தேர்வுக்குத் தயாராகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் கைப்பேசியில் அழைத்துச் சந்தேகம் கேட்கிறான். தேர்ச்சி பெறுவானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கேட்கிறான் என்பதே எனக்குப் பெரிது.

நாம் காட்டக்கூடிய வழிகள்

பிந்தி வருபவர்களுக்கு என்னென்ன வாய்ப்புகள் உள்ளன என்பதை நாம் தெரிந்து வைத்திருந்தால் போதும், பலருக்குத் திசை கிடைத்துவிடும்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மேற்சொன்ன எழுத்தறிவு மையம் இருக்கிறது. வயது உச்சவரம்பு இல்லை.

இடைநின்றவர்கள் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை எழுதலாம். அதில் தேர்ச்சி பெற்றபின் பத்தாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதலாம்.

தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகவும் பத்து, பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கலாம். ஒருமுறை பதிந்தால் ஐந்து ஆண்டுகளில் ஒன்பது வாய்ப்புகள். தேர்ச்சி பெற்ற பாடத்தை மீண்டும் எழுத வேண்டியதில்லை.

தொழில் கற்க விரும்பினால் அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் ஆண்கள் 40 வயது வரை சேரலாம். பெண்களுக்கு உச்சவரம்பு இல்லை. எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு சேரக்கூடிய பிரிவுகளும் உண்டு.

இவற்றை ஒரு தாளில் எழுதிப் பள்ளித் தகவல் பலகையில் ஒட்டுங்கள். படிக்கத் தெரியாதவர் எப்படிப் படிப்பார் என்று கேட்கலாம். அவர் பிள்ளை படித்துக் காட்டும்.

மீண்டும் ஒரு கூட்டம்

எங்கள் மையத்தில் தேர்வெழுதிய 16 பேரில் 15 பேர் தேர்ச்சி பெற்றார்கள். இருவர் வேலைக்காக இடையில் ஊரைவிட்டுப் போனார்கள். தேர்ச்சி பெற்றதால் கூலி கூடிவிடவில்லை, கடனும் தீரவில்லை. ஆனால் அந்த அம்மா இப்போது தனியாகப் பேருந்து ஏறித் தர்மபுரி போய் வருகிறார். மகளிர் குழுக் கணக்கு நோட்டைத் தாமே வாங்கிப் பார்க்கிறார். மகளின் கல்யாணப் பேச்சை வீட்டார் எடுத்தபோது, "பத்தாவது முடிக்கட்டும், அப்புறம் பேசலாம்" என்று சொன்னவரும் அவர்தான். அந்த மகள் இப்போது எட்டாம் வகுப்பு.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பதிவேட்டை நீட்டினேன். பழக்கத்தில் மைப்பெட்டியையும் வைத்திருந்தேன். அவர் அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, இடுப்பிலிருந்த கண்ணாடிக் கூட்டை எடுத்தார். நான்கு எழுத்துப் பெயர். எழுத ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை.

வரும் ஜூனில் உங்கள் பள்ளியிலும் சேர்க்கை நடக்கும். விண்ணப்பத்தில் யாரெல்லாம் ரேகை வைக்கிறார்கள் என்று கவனித்து ஒரு பட்டியல் எடுங்கள். அதுவே உங்கள் மாலை வகுப்பின் முதல் வருகைப் பதிவேடாக இருக்கட்டும்.